காபரேட்டரை மாற்றுவதற்கு முன், எக்சிலேட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நீங்கள் கேட்டது இரண்டு வரிதான்: மோட்டார் சைக்கிளில் காபரேட்டர் என்ன வேலை செய்கிறது, கராஜில் புதிது போடச் சொல்கிறார்கள், போடலாமா? ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விபரத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. 150 சிசி பைக், பத்து வருடத்துக்கு மேல் பழசு, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் வெளியே நிற்கிறது. காலையில் சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை விட்டதும் நின்றுவிடுகிறது. சூடேறிய பிறகும் சிக்னலில் நின்றால் ஓஃப் ஆகிறது. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஓட்டம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. இரண்டு தரம் காபரேட்டரைக் கழுவியிருக்கிறார்கள்; இரண்டு தரமும் ஒரு கிழமை நன்றாக ஓடி, பிறகு பழையபடியே. ஆகவே நீங்கள் அறிய விரும்புவது, பழுது உண்மையிலேயே காபரேட்டரில்தானா, அதை மெக்கானிக் இல்லாதவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்பது, அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் தானாகவே விளங்கும்.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது. காற்றோடு சரியான அளவில் கலந்து, பொடிப் பொடியான துளிகளாகவும் ஆவியாகவும் உள்ளே போனால்தான் எரியும். அந்தச் சரியான அளவு, நிறையின்படி, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. கன அளவில் பார்த்தால் இது இன்னும் வியப்பாக இருக்கும்: ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிய 9,000 லீற்றருக்கு மேல் காற்று வேண்டும். எஞ்சின் முக்கியமாகக் குடிப்பது காற்றைத்தான். உங்கள் 150 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முழு எக்சிலேட்டரில் ஓடினால், 3,000 தடவை காற்றை இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அதற்குத் தேவையான பெற்றோல் ஒரு சொட்டுத் தண்ணீரின் மூன்றில் ஒரு பங்களவுதான். அந்தச் சின்ன அளவை, விநாடிக்கு 50 தடவை, பிழையில்லாமல் கொடுக்க வேண்டியது காபரேட்டரின் பொறுப்பு. அதற்குள் மின்சாரமோ கணினியோ இல்லை. பெற்றோல் கூடிவிட்டால் எஞ்சின் கனத்து, கறுப்புப் புகை தள்ளி, பிளக்கில் கரி பிடிக்கும். இதை ரிச் என்பார்கள். பெற்றோல் குறைந்தால் இழுவை போய், வெடித்து வெடித்து ஓடி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், இது லீன். கராஜில் காதில் விழும் பேச்சில் பாதி இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான்.

எப்படிக் கொடுக்கிறது? காபரேட்டரின் நடுவே ஒரு குழாய் போகிறது. அது இடையில் ஒடுங்கி மறுபடி விரியும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இத்தாலிய இயற்பியலாளர் வென்டூரி 1797இல் இதைப் பற்றி எழுதினார், அந்த ஒடுக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். குழாய்க்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கிறது. அந்தக் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால், வெளிக்காற்றின் அழுத்தம் பெற்றோலின் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். மேலே ஒடுக்கத்தில் அழுத்தம் குறைந்ததும், கீழே இருக்கும் வெளிக்காற்று பெற்றோலைத் துளை வழியே மேலே தள்ளிவிடுகிறது. எஞ்சின் பெற்றோலை உறிஞ்சுகிறது என்று சொல்வது வழக்கம். தள்ளப்படுகிறது என்று நினைத்துக்கொண்டால் பழுது தேடும்போது நல்ல உதவியாக இருக்கும்: கிண்ணத்தின் காற்றுவழி அடைத்தாலும் பெற்றோல் வராது, ஒடுக்கத்துக்கு அப்பால் எங்காவது காற்று களவாக நுழைந்தாலும் கலவை கெடும் என்பது உடனே பிடிபடும்.

அந்தக் கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இதற்காகத்தான் புளோட் என்ற மிதவை. நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இருக்கும் பந்து வால்வை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். பெற்றோல் குறைய மிதவை இறங்கும், ஊசி வால்வு திறக்கும். நிறைய மிதவை ஏறி ஊசி அடைக்கும். மட்டம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாறினாலே கலவை மாறும். ஊசியின் ரப்பர் நுனி தேய்ந்தாலோ, அதில் ஒரு தூசி சிக்கினாலோ அடைப்பு நிற்காது, கீழே தொங்கும் மெல்லிய குழாயால் பெற்றோல் சொட்டத் தொடங்கும். இது உங்கள் பைக்கின் பழுது அல்ல, ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அப்படிச் சொட்டினால் உடனே பெற்றோல் டெப்பை மூடுங்கள். வீட்டின் கீழ்த்தளத்திலோ மாடிக் குடியிருப்பின் மூடிய கார் தரிப்பிடத்திலோ பைக்கை விடாதீர்கள், பெற்றோல் ஆவி நிலத்தோடு படர்ந்து தங்கும். சில வேளை பெற்றோல் வெளியே வராமல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தால் அல்லது ஒயில் மட்டம் ஏறியிருந்தால், வால்வைத் திருத்தி ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

இனி முக்கியமான இடம். காபரேட்டரில் பெற்றோல் போக ஒரு வழி மட்டும் இல்லை, பல வழிகள் உண்டு. எக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வழியும் முறை வைத்து வேலை செய்கிறது. முறுக்காமல் விட்டிருக்கும்போதும், கால்வாசி வரை முறுக்கும்போதும் பெற்றோலைக் கொடுப்பது ஸ்லோ ஜெட் என்ற நுண்துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, இதையே பைலட் ஜெட் என்றும் சொல்வார்கள். கால்வாசியிலிருந்து முக்கால் வரை, காற்றுவழியில் மேலும் கீழும் ஓடும் ஸ்லைட் என்ற அடைப்பில் தொங்கும் கூர்ந்த ஊசி மேலெழும்பி, தான் அடைத்திருந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டின் துளைதான் அளவை முடிவு செய்கிறது. எல்லைகள் கோடு போட்டது போல் இருக்காது, ஒன்றன் மேல் ஒன்று சாயும். என்றாலும் பழுது தேட இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஆகவே எந்தச் சாமானையும் கழற்றுவதற்கு முன், எக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப், அதற்குப் பக்கத்தில் அசையாத பகுதியில் இன்னொரு துண்டு ஒட்டுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று பேனையால் கோடு போடுங்கள். பிறகு போக்குவரத்துக் குறைந்த வீதியில் ஓட்டி, எந்தக் கோட்டில் பைக் திணறுகிறது என்று பாருங்கள். வேகத்தையும் கியரையும் விட்டுவிடுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மிஸ் பண்ணுகிறது என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் 60இல் எக்சிலேட்டர் கால்வாசியிலும் இருக்கலாம், ஏற்றத்தில் முழுதாகவும் இருக்கலாம். அரைவாசி முறுக்கும்போது மிஸ் பண்ணுகிறது என்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

பழைய பைக்குகளில் எக்சிலேட்டர் கேபிள் நேராக ஸ்லைடையே தூக்கும். 125, 150 சிசி இந்திய பைக்குகள் பலவற்றில் கேபிள் ஒரு வட்டத் தகட்டை மட்டும் திருப்பும். ஸ்லைடைத் தூக்குவது அதற்கு மேலே இருக்கும் டயப்ரம் என்ற மெல்லிய ரப்பர்த் தோல். எஞ்சின் இழுக்கும் காற்றழுத்தக் குறைவே அந்தத் தோலை மேலே எழுப்புகிறது. அதில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைட் முழுதாக எழும்பாது, பைக் ஐட்லிங்கில், அதாவது எக்சிலேட்டரை முறுக்காமல் எஞ்சின் தானாக ஓடும் நிலையில், அருமையாக ஓடும், ஆனால் பாதி வேகத்துக்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் போகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெதுவாக விரித்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். காபரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே இந்தத் தோலில் படவே கூடாது, ஊதி உருமாறிவிடும்.

சோக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் வடிவாக ஆவியாகாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் பெற்றோல் வேண்டும், அதைத் தருவது சோக். கொழும்பின் வெக்கைக்குச் சில விநாடிகள், மிஞ்சினால் அரை நிமிடம் போதும். உங்களுடையது போன்ற பைக்குகள் பலவற்றில் சோக் என்பது தனியான ஒரு பெற்றோல் வழியைத் திறக்கும் சின்ன உருளை. எக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் அது வேலை செய்யும். சோக்கையும் இழுத்து, எக்சிலேட்டரையும் முறுக்கி முறுக்கிக் கிக் அடிப்பவர்கள், சோக்கை இழுக்காதவர்கள் போல்தான்.

இப்போது உங்கள் பைக்குக்கு வருவோம். ஓட்டத்தில் குறையில்லை என்றால் ஊசியும் மெயின் ஜெட்டும் டயப்ரமும் மிதவையும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் ஓஃப் ஆகிறது என்றால், எக்சிலேட்டர் மூடிய நிலையில் கலவை லீனாக இருக்கிறது, சோக் அந்தக் குறையை நிரப்புகிறது. இது வரை எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் லீன் என்பதில்தான் இரண்டு வழி பிரிகிறது: ஸ்லோ ஜெட்டின் வழியில் அடைப்பு, அல்லது காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் இன்டேக் ரப்பர் வெடித்து, களவாகக் காற்று நுழைகிறது. பைக்கைத் தொட்டுப் பார்க்காமல் இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், கழுவிய பின் ஒரு கிழமை நன்றாக ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தகவல் முதலாவதன் பக்கம் பலமாகச் சாய்கிறது. வெடித்த ரப்பர் காபரேட்டரைக் கழுவியதால் ஒரு கிழமைக்கு ஒட்டிக்கொள்ளாது. ஸ்லோ ஜெட்டின் துளையோ ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், ஐந்தாறு தலைமயிர் சேர்ந்த தடிப்பு. மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். ஆகவே டாங்கிலிருந்து துரு வந்தால் முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட்தான். துரு வரும் டாங்கை அப்படியே விட்டுக் காபரேட்டரை மட்டும் கழுவினால், அடுத்த கிழமை மறுபடி அடைக்கும். புதுக் காபரேட்டர் போட்டாலும் அதே கதிதான்.

கடலோரத்தில் வெளியே நிற்கும் பைக்கில் டாங்க் துருப்பிடிப்பது சாதாரணம். பாதி வெறுமையான டாங்கில் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து உட்சுவரில் பனிக்கும். மழைக்காலத்தில் டாங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் நீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. அது அழுக்கால் அடைத்திருந்தால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீர் உள்ளேதான் போகும். தண்ணீர் பெற்றோலை விடக் கனம், அடியில் தங்கி இரும்பைத் தின்னும்.

இரண்டையும் பிரித்தறிய அரை மணித்தியாலம் போதும். ஒரு சுத்தமான கண்ணாடிப் போத்தல், ஜாம் போத்தல் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ நுளம்புச் சுருளோ இல்லாமல் செய்யுங்கள். காபரேட்டர் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிப்பு ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி, கீழே தொங்கும் குழாயால் வரும் பெற்றோலைப் போத்தலில் பிடியுங்கள், சில மேசைக்கரண்டி அளவுதான் வரும். பத்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கபில நிறப் பொடி என்றால் துரு. பளபளவென்று உருளும் குமிழ்கள் தனியாக நின்றால் தண்ணீர். இரண்டும் இல்லாமல், பெற்றோல் மட்டும் மஞ்சளித்து வாணிஷ் மணம் அடித்தால், அது பழைய பெற்றோல். அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, எக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, இன்டேக் ரப்பரைச் சுற்றி ஸ்ப்ரே போத்தலால் சவர்க்காரத் தண்ணீரைத் தூவுங்கள். எஞ்சின் சத்தம் சட்டென மாறினால் அங்கே வெடிப்பு உண்டு. சிலர் இதைக் காபரேட்டர் கிளீனரால் செய்வார்கள். சூடான எஞ்சினில் தீப்பற்றும் திரவத்தைத் தூவுவது வேண்டாத வேலை, தண்ணீரே போதும். ரப்பரைக் கழற்றினால் அதை வளைத்தும் பாருங்கள். சும்மா வைத்துப் பார்க்கும்போது நல்ல ரப்பர் போல் இருக்கும், வளைத்தால்தான் கோடு கோடாகப் பிளக்கும்.

போத்தலில் துரு தெரிந்தால், முதலில் டாங்கைக் கவனியுங்கள். பெற்றோலை முழுதும் வடித்து, டெப்பைக் கழற்றி, அதன் வலையைப் பாருங்கள். கிழிந்திருக்கும் அல்லது சேறு மூடியிருக்கும். இலேசான துரு என்றால் டாங்க் நிறைய வினாகிரி ஊற்றி ஒரு நாள் வைத்து, நன்றாகக் குலுக்கிக் கொட்டி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு வெறும் தண்ணீரால் அலசி, தாமதிக்காமல் வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்த கையோடு கொஞ்சம் பெற்றோல் விட்டு உட்சுவர் முழுதும் படும்படி சுழற்றுங்கள், இல்லாவிட்டால் மணித்தியாலக் கணக்கில் புதுத் துரு படர்ந்துவிடும். துரு பொருக்காக உரிந்து வரும் அளவுக்குப் போயிருந்தால் வீட்டு வைத்தியம் சரிவராது, வேறு டாங்க்தான். எப்படியானாலும் டெப்புக்கும் காபரேட்டருக்கும் நடுவே ஒரு சின்ன பெற்றோல் பில்டர் போடுங்கள். அம்புக்குறி காபரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும், குழாய் மடியக் கூடாது.

அதன் பிறகுதான் காபரேட்டர். நீங்களே செய்வதாக இருந்தால் முதல் தடவைக்கு ஒரு ஞாயிறு காலை முழுவதும் ஒதுக்குங்கள். கழற்றும் ஒவ்வொரு படியிலும் தொலைபேசியால் படம் எடுங்கள். அடிக்கிண்ணத்தின் ஸ்குரூக்கள் பார்வைக்குச் சாதாரண நட்சத்திர வடிவம்தான், ஆனால் பல காபரேட்டர்களில் அவை ஜப்பானிய அளவு; பொருந்தாத டிரைவரால் திருப்பினால் தலை வழுகிவிடும். நுனி ஆழமாக உட்காரும் டிரைவரை எடுத்து, நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். மிதவையின் அச்சு ஊசியைத் தட்டி எடுக்க வேண்டாம். அதைத் தாங்கும் இரண்டு தூண்களும் மெல்லிய வார்ப்பு, ஒன்று உடைந்தால் காபரேட்டரே போச்சு. ஜெட்கள் பித்தளை, அவற்றின் வெட்டுக்குச் சரியான அகலமுள்ள தட்டை டிரைவரால் மட்டும் கழற்றுங்கள். கழற்றிய ஸ்லோ ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வட்டமான கூர்மையான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்து, மறுபடி பாருங்கள். கம்பியோ தையல் ஊசியோ போட்டுக் குத்தக் கூடாது. 0.4 மில்லிமீற்றர்த் துளை கொஞ்சம் கீறுப்பட்டாலும் அதன் அளவு நிரந்தரமாக மாறிவிடும், பிறகு எந்த ஸ்குரூவைத் திருப்பியும் ஐட்லிங் சரிவராது. மிகப் பிடிவாதமான அடைப்புக்கு ஒற்றை நைலோன் இழை, அதற்கு மேல் வேண்டாம். ஜெட்டோடு நின்றுவிடாதீர்கள்: ஜெட் இருந்த துளைக்குள் கிளீனரை அடித்து, எஞ்சின் பக்க வாயில் தகட்டுக்கு அருகே இருக்கும் நுண்துளைகளால் அது பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தத் திரவம் கண்ணில் பட்டால் கடும் எரிவு. கராஜ்களில் அவசரமாகக் கழுவும்போது விடுபடுவது பெரும்பாலும் இந்த உள்வழிகள்தான்.

பூட்டிய பின் இரண்டு ஸ்குரூக்களைச் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திருப்புவதால்தான் பல நல்ல காபரேட்டர்கள் குழம்புகின்றன. ஒன்று ஐட்லிங் ஸ்குரூ. அது தகட்டை அல்லது ஸ்லைடைக் கொஞ்சம் திறந்து வைத்து, சுற்றை மட்டும் கூட்டும், குறைக்கும். மற்றது கலவை ஸ்குரூ. கலவை ஸ்குரூவை மாற்றுவதற்கு முன், அது இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள்: மெதுவாக உள்ளே திருப்பி, தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். இறுக்கினால் அதன் கூர்நுனி இருக்கையை நசுக்கிவிடும். பல பைக்குகளில் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வரை வெளியே இருக்கும், உங்கள் மொடலின் சரியான கணக்கு சேர்விஸ் புத்தகத்தில்தான் உண்டு. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, எந்த இடத்தில் ஐட்லிங் மிக உயர்ந்து சீராக நிற்கிறதோ அங்கே விட்டு, பிறகு ஐட்லிங் ஸ்குரூவால் சுற்றை 1,400 அளவுக்குக் கொண்டுவாருங்கள். திசையில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் கலவையை விடுவது, வெளியே திருப்பினால் ரிச். எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை விடுவது, உள்ளே திருப்பினால்தான் ரிச்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விடயத்தையும் விசாரியுங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அங்கே ஐட்லிங்கில் வரும் புகையில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகாபனும் அளக்கப்படுகின்றன. ரிச்சாக ஓடும் பைக்கை எப்படியாவது பாஸ் ஆக்க, கலவை ஸ்குரூவை லீன் பக்கம் திருப்பிவிட்டு, பரிசோதனைக்குப் பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவராமல் விடுவது நடக்கிற காரியம். உங்கள் தொல்லை பரிசோதனை முடிந்த கையோடு தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் மேலே சொன்ன ஸ்குரூ எண்ணிக்கையை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பாருங்கள், ஐந்து நிமிட வேலையோடு முடிந்துவிடலாம்.

காபரேட்டர் என்று பழி விழுந்தாலும் காபரேட்டர் அல்லாத பழுதுகள் சில உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பின் பெற்றோல் தீர்ந்தது போல் நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால், டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. எயார் பில்டர் அடைத்தால் எல்லா நிலையிலும் ரிச் ஆகும். அதற்காகப் பில்டரையே கழற்றிவிட்டு ஓடுவது கொழும்புத் தூசியில் சிலிண்டரை அரைத்துவிடும். குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு, வால்வு இடைவெளி இறுகிப்போனதும் காரணமாகலாம். இந்த வகை எஞ்சின்களில் அது மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடியும் யாரும் அளந்து பார்க்கவில்லை என்றால் அளப்பது நல்லது. பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதை ஓரளவுக்குத்தான் நம்பலாம். கறுத்து உலர்ந்த கரி, ரிச் என்பதற்கு நல்ல அடையாளம். நனைந்திருந்தால் பெற்றோல் மிஞ்சிவிட்டது. ஆனால் வெளிறியிருப்பதை வைத்து மட்டும் லீன் என்று முடிவு கட்ட மாட்டேன், புது பிளக்கும் கொஞ்ச நாள் வெளிறித்தான் இருக்கும்.

92க்குப் பதில் 95 ஒக்டேன் அடித்தால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகாது. ஒக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை. அது பெற்றோலின் பலமும் அல்ல, சுத்தமும் அல்ல. சேர்விஸ் புத்தகம் கேட்டாலன்றி அந்தக் காசை பில்டருக்குச் செலவழியுங்கள். அதேபோல் நுவரெலியா போய்வரும்போது பைக் சோம்பினால் பயப்பட வேண்டாம். அங்கே உயரம் 1,868 மீற்றர், காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஆறில் ஒரு பங்களவு குறைவு, பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, ஆகவே கலவை ரிச் ஆகிறது. இறங்கி வந்தால் சரியாகிவிடும். அங்கே வைத்து ஸ்குரூவைத் திருப்பினால், கொழும்பில் லீனாக ஓடும்.

இனி, புதிது வாங்கும் கேள்வி. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் புதிய புகை விதி வந்து, அங்கே தயாராகும் பைக்குகளில் பெரும்பாலானவை காபரேட்டரை விட்டு, கணினி அளந்து பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதற்குச் சற்று முன், 2020 மார்ச்சில், இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. அதனால் நம் வீதிகளில் காபரேட்டர் பைக்குகள் இன்னும் ஏராளம், பஞ்சிகாவத்தையில் அவற்றுக்கான சாமான்களும் தாராளமாகக் கிடைக்கின்றன, அசலும் போலியும் கலந்து. போலி ஜெட்டில் எண் சரியாகப் பொறித்திருக்கும், துளை வேறாக இருக்கும். பெட்டியைப் பார்த்து இது தெரியாது. ஆகவே என் கருத்து: கம்பி போட்டுக் குத்தாத உங்கள் பழைய பித்தளை ஜெட்களை விட்டுவிடாதீர்கள், அவை இலகுவில் தேயாது. மாற்ற வேண்டியவை மிதவை ஊசி, கிண்ணத்தின் ரப்பர் வளையம், கலவை ஸ்குரூவின் குட்டி ரப்பர், தேவைப்பட்டால் இன்டேக் ரப்பர். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். உடல் வெடித்திருந்தால், மிதவைத் தூண் உடைந்திருந்தால், ஸ்லைட் ஓடும் சுவர் தேய்ந்து கடகடத்தால் மட்டும் முழுக் காபரேட்டரை மாற்றுவது நியாயம். அதில் எதுவும் உங்கள் விபரத்தில் இல்லை.

திருத்திய பிறகு ஒரு பழக்கம் வேண்டும். ஊருக்குப் போகிறீர்கள், மூன்று கிழமைக்கு மேல் பைக் நிற்கப்போகிறது என்றால், டெப்பை மூடி, அடிக்கிண்ணத்தை வடித்துவிட்டுப் போங்கள். கிண்ணத்தில் விட்ட கொஞ்சப் பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் பறந்து, மிச்சம் பிசினாகி, அதே ஸ்லோ ஜெட்டில்தான் போய் உறையும். 2022இல் பெற்றோல் இல்லாமல் கிழமைக் கணக்கில் நின்ற பைக்குகள் பல, பிறகு பெற்றோல் அடித்தும் ஐட்லிங்கில் நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான். டாங்கை மட்டும் நிரப்பி வையுங்கள், வெறும் இடம் இல்லாவிட்டால் ஈரம் பனிக்க இடமில்லை. வடித்த பெற்றோலைக் கானில் ஊற்றாதீர்கள். துரு இல்லாமல் சுத்தமாக இருந்தால் துணியால் வடிகட்டி டாங்கிலேயே விடலாம், தண்ணீரோ துருவோ கலந்திருந்தால் மூடிய பாத்திரத்தில் கராஜில் கொடுங்கள்.

ஆகவே இந்தக் கிழமை முதலில் போத்தல் சோதனை, பிறகு இன்டேக் ரப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர், பிறகு கலவை ஸ்குரூவின் சுற்று எண்ணிக்கை. போத்தலின் அடியில் என்ன தங்கியது, ஸ்குரூ எத்தனை சுற்றில் இருந்தது, அது எஞ்சின் பக்கமா பில்டர் பக்கமா என்ற மூன்றையும் எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றுவது என்று அப்போது இதைவிடத் திட்டமாகச் சொல்லலாம்.